வெள்ளைச் சேவலுக்குள் என்ன நிறம்

பெயிண்ட் கடையில் அவளைக் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிறம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்கு வேறு எந்தப் பெயர் ஒட்டும்? முதலாளி, சரக்கு இறக்க வருகிறவர்கள், படுக்கையறைக்கு எந்தப் பச்சை என்று கடைக்குள்ளேயே சண்டை பிடிக்கும் புதுத் தம்பதிகள், எல்லாருக்கும் அவள் கலரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

அவளிடம் ஜனங்கள் எதையெதையோ கொண்டுவந்து நீட்டுவார்கள். உடைந்த டைல்ஸ், பழைய ஸ்விட்சின் மூடி, சாயம் போன தலையணை உறை. ஒருமுறை ஒருவர் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, ஹால் முழுக்க இந்த நிறம் வேண்டும் என்றார். கலரக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிவந்த பக்கமா, சிவக்காத பக்கமா?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நாலு சொட்டு வித்தியாசம் இருந்தது. மெஷினுக்கு அளவைச் சொல்லி, டப்பாவைக் குலுக்கி, மூடியில் ஒரு விரல் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்து, அதன் மேல் பிஸ்கட்டை வைத்தாள். வந்தவருக்குத் தன் பிஸ்கட் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் கலந்த டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது ஒரு தூவி, பஞ்சு மாதிரி ஒரு சின்ன இறகு.

அதைப் பல் டாக்டர் கொண்டுவந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து, அதற்குள்ளிருந்து இடுக்கியால் தூவியை எடுத்து வைத்தார். கிளினிக் சுவருக்கு இந்த நிறம் என்றார். மழையாகப் பொழியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மேகத்தில் கத்தரிப்பூவின் நிறம் ஒரு துளி விழுந்த மாதிரி இருந்தது. கலரக்கா ஏழு தடவை கலந்தாள். டியூப் லைட்டில் சரியாக இருந்தது தெருவுக்குக் கொண்டுபோனால் சிமெண்டாகிவிட்டது. தெருவில் சரியாக இருந்தது உள்ளே வந்ததும் ஊதா ரிப்பன் ஆகிவிட்டது. கடைசியில் டாக்டரே இரக்கப்பட்டு, கிட்டத்தட்ட இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டார். "சுவர்ல வராதும்மா. உயிரோட இருக்கறப்போ பார்க்கணும். ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

போனாள். போனதுதான் தெரியும், வீட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

டாக்டர் வீட்டுக் கொல்லையில் சில்க்கி கோழிகள் நடந்துகொண்டிருந்தன. நடந்தன என்றுகூடச் சொல்ல முடியாது, பஞ்சு மூட்டைகள் தாமாகவே இடம் மாறின. சில்க்கிக்கு மற்றக் கோழிகளைப்போல வழவழப்பான இறகு கிடையாது. உடம்பு முழுக்கப் பூனைக்குட்டியின் ரோமம். தோல் கறுப்பு, காது மயில் நீலம், காலுக்கு ஐந்து விரல். தலைக் கொண்டை கண்ணை மறைத்திருப்பதால் எதிரே இருப்பது தண்ணீர்க் கிண்ணமா தங்கையா என்று முட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அவற்றின் நடுவே அந்த நிறத்தில் மூன்று நின்றன. லாவண்டர் என்றார் டாக்டர். வெயில் பட்டபோது ஒரு நிறம், நிழலுக்குப் போனபோது இன்னொரு நிறம், இரண்டும் அதே நிறம். கலரக்கா முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள்.

லாவண்டர் கேட்டுப் பெயர் எழுதி வைத்தவர்கள் வரிசை நாலு வருஷத்துக்கு நீண்டிருந்தது. டாக்டர் நியாயமான மனிதர், வரிசையை மீற மாட்டார். அதற்குப் பதிலாகக் கறுப்புப் பெட்டைகள் இரண்டை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஐந்து தலைமுறையாகக் கறுப்பைத் தவிர வேறெதுவும் பிறக்காத வம்சம் என்று சொல்லியனுப்பினார். சேவலை அவளே தேடிக்கொண்டாள். வீடு மாற்றிப் போகிற வாடிக்கையாளர் ஒருவர், யாருக்கும் வேண்டாத வெள்ளைச் சில்க்கிச் சேவலை இனாமாகக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து சாப்பிட்டுவிட்டு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது.

கலரக்காவின் திட்டம் எளிமையானது. கறுப்பில் வெள்ளையை விட்டால் சாம்பல். சாம்பல் வந்துவிட்டால் அந்த ஊதாத் துளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிற யாரும் இதைத்தான் நினைப்பார்கள்.

ஒன்பது முட்டை, ஒன்பது குஞ்சு. ஒன்பதும் கரித்துண்டு மாதிரி வந்தன.

அவளுடைய கணவர் பஸ் டிரைவர். அவருக்குக் கோழியைப் பற்றித் தெரியாது, மனைவியைச் சீண்டத் தெரியும். இன்குபேட்டர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின்ல வெள்ளை தீர்ந்துபோச்சு போல" என்றார். கூடவே இருக்கும் அவருடைய தங்கை, பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் இன்னும் ஒரு படி மேலே போய், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டாமா, பிள்ளை ஒன்றுகூட அவர் ஜாடையில் இல்லையே என்று கேட்டாள். கறுப்பில் விழுந்த வெள்ளை எங்கே போயிற்று? ஒரு சொட்டுகூடவா மிச்சமிருக்காது? இரண்டு நாள் கடையில் அவள் கலந்த நிறங்களை அவளே இரண்டு தடவை சரிபார்த்தாள்.

மறுபடி டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, மரத்துப்போகிற நேரத்துக்குள் விஷயத்தை விளக்கினார். நிறங்கள் கலப்பதில்லை. ஒவ்வொரு கோழியிடமும் ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு சீட்டு இருக்கிறது, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. தன் குஞ்சுக்கு அதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும். வெள்ளைச் சீட்டு இரண்டும் சேர்ந்தால்தான் குஞ்சு வெள்ளை. ஒன்றே ஒன்று இருந்தால் அது பைக்குள்ளேயே பேசாமல் கிடக்கும், குஞ்சு கறுப்பாகத் திரியும். லாவண்டரும் அப்படியே, இரண்டு சீட்டும் வேண்டும்.

"இன்னொண்ணு, வெள்ளைங்கறது நிறமே இல்லைம்மா. திரை. அதுக்குப் பின்னால எது வேணும்னாலும் இருக்கும். என்ன இருக்குன்னு அந்தச் சேவலுக்கே தெரியாது" என்றார் டாக்டர். நாற்காலியில் இருந்த நோயாளி பஞ்சோடு ஏதோ கேட்டார். சேவலைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

கடையில் நிறம் காட்டும் ஷேட் கார்டு அட்டைகள், காலாவதியானவை, கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து விரல் அகலத்துக்கு வெட்டினாள். கோழிக்கு ஒரு கவர், கவருக்குள் சீட்டுகள். சமையலறைத் தரையில் சாக்கட்டியால் நாலு கட்டம் போட்டு, அப்பாவின் சீட்டை மேலேயும் அம்மாவின் சீட்டைப் பக்கத்திலும் வைத்து, கட்டத்துக்குள் பிள்ளைகளை நிரப்பினாள். கணவர் சாப்பாட்டுத் தட்டோடு கட்டங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். மிதித்தால் ஒரு குடும்பம் குலைந்துவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இதற்கிடையில், மாப்பிள்ளையின் கழுத்துப் பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அது வெள்ளை. நூற்றுப் பன்னிரண்டு வகை வெள்ளை விற்கிற கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அது வெறும் வெள்ளை இல்லை. உதிர்ந்த தூவி ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், நிறம் படிக்கும் கருவியின் வாயில் வைத்தாள். கருவி அளவு சொல்லியது: வெள்ளை, அதில் கறுப்பு ஒரு சொட்டு, ஊதா அரைச் சொட்டு.

அந்தத் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய், தின்னர் டின்களுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தாள். அவளுக்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. மாப்பிள்ளை லாவண்டரைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டாக்டரிடம் தாளைக் காட்டியபோது, மண்ணில் புரண்டிருக்கும், சாம்பல் ஒட்டியிருக்கும் என்றார். கலரக்கா மரியாதைக்குத் தலையை ஆட்டினாள்.

இதற்குள் அந்தக் கறுப்புக் குஞ்சுகள் வளர்ந்தன. ஐந்தை ஆசைப்பட்டவர்களுக்குக் கொடுத்தது போக மூன்று பெட்டை, ஒரு சேவல் மிஞ்சின. சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அங்கி புரள மாடியில் இப்படியும் அப்படியும் நடந்ததால் வக்கீல் ஆனான். டிரைவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் வக்கீல் தோளில் ஏறிக்கொள்வான். எந்த ஸ்டாப்பில் யார் கையைக் காட்டாமல் நின்று பிறகு திட்டினார்கள், எந்தச் சந்தில் லாரி குறுக்கே நின்றது என்று அவர் சொல்லச் சொல்லக் காதருகே நின்று கேட்பான். வீட்டில் வேறு யாரும் அதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. இரண்டு மாதத்தில் டிரைவருக்கும் வக்கீலுக்கும் பிரிக்க முடியாத சிநேகம்.

வக்கீல் கூவக் கற்றுக்கொண்டதும் வந்தது வினை. வீட்டுக்காரம்மா கீழ் வீட்டில் இருப்பவர், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். ஒருநாள் படியேறி வந்து, மூச்சு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"ஏம்மா, நான் முப்பது வருஷம் போர்டுல உட்கார்ந்தவ. ஒருத்தன் மட்டும் கூப்பிட்டா, பதில் இல்லைன்னு அவனே வச்சிடுவான். இங்க ரெண்டு பேர் இருக்கான். இவன் கேக்கறான், அவன் சொல்றான், இவன் திரும்ப என்னன்னு கேக்கறான். விடிய விடியப் பேசி முடியலை. ரெண்டு மாசம் டைம் தரேன். ஒரு லைனை வெட்டிடு."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எந்த லைனை?

வக்கீலுக்கு வயசு இருந்தது, அழகு இருந்தது, கேட்டால் வாங்கிக்கொள்ள யாராவது கிடைப்பார்கள். மாப்பிள்ளையின் நிலைமை வேறு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெள்ளைச் சேவலை வளர்க்க யாரும் வாங்க மாட்டார்கள். கேட்டு வருகிறவர் ஒருவர் இருந்தால், அவர் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார். மாப்பிள்ளை போனால் திரைக்குப் பின்னால் இருப்பதும் கூடவே போய்விடும்.

டிரைவரோ, வெள்ளைக்குள் லாவண்டர் இருக்கிறது என்பதை மெஷின் துப்பிய ஒரு துண்டுத் தாளை வைத்து நம்ப முடியாது என்றார். வாக்குவாதம் மூன்று நாள் நடந்தது. இரண்டாம் நாள் யாரும் யாரோடும் பேசவில்லை, நாத்தனார் வழியாக உப்பு கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் டிரைவர் இறங்கி வந்தார்.

"சரி. மாப்பிள்ளைக்கு ஒரு லாவண்டர் குஞ்சு பிறந்துடுச்சுன்னா அவன் இருக்கட்டும், வக்கீலுக்கு நானே இடம் பார்க்கறேன். பிறக்கலைன்னா வக்கீல் இருப்பான். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றாள் கலரக்கா.

"மெஷினைக் கொண்டுவந்து காட்டக் கூடாது."

"குஞ்சைக் காட்டறேன்."

சோதனை என்னவென்றால், மாப்பிள்ளையை அதன் கறுப்பு மகள்களோடு சேர்ப்பது. கோழி வளர்க்கிறவர்கள் ஒரு தடவை இப்படிச் செய்து பார்ப்பது வழக்கம், ஒளிந்திருப்பதை வெளியே இழுக்க வேறு குறுக்கு வழி கிடையாது. நாத்தனாருக்குத்தான் உறவுமுறை பிடிபடவில்லை. பிறக்கிற குஞ்சுக்கு மாப்பிள்ளை அப்பாவா, தாத்தாவா, அம்மாவே அதற்கு அக்கா முறையா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

கலரக்கா தரையில் கட்டம் போட்டாள். மாப்பிள்ளையிடம் இரண்டும் வெள்ளைச் சீட்டு. மகள்களிடம் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஆகவே குஞ்சுகளில் பாதிக்குத் திரை விழும். திரை விழாத பாதியில், மாப்பிள்ளைக்குள் லாவண்டர் இரட்டைச் சீட்டாக இருந்தால், பாதி கறுப்பு, பாதி லாவண்டர். எட்டுக் குஞ்சு பொரித்தால் நாலு வெள்ளை, இரண்டு கறுப்பு, இரண்டு லாவண்டர். கடைசிக் கட்டத்தில் லாவண்டர் சீட்டை வைத்துவிட்டு அதற்கு ஒரு முத்தம் வேறு கொடுத்தாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விட்டாள். மாப்பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டாள். மாப்பிள்ளை நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. புதன்கிழமையிலிருந்து முட்டை சேர்த்தாள். பத்து நாளில் பன்னிரண்டு முட்டை. தையல் மெஷின் மேசையின் மேல் இன்குபேட்டர் ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டில் மூன்று வாரம் யாரும் தைக்கவில்லை, கதவை ஓங்கிச் சாத்தவில்லை, மிக்ஸி ஓடும்போது கலரக்கா இன்குபேட்டரைக் கையால் பிடித்துக்கொண்டாள். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்பது முட்டைக்குள் நரம்பு ஓடியது. ஒவ்வொன்றையும் கணவருக்கும் நாத்தனாருக்கும் காட்டினாள். வீட்டுக்காரம்மாவைக்கூட மேலே கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, லைன் கிடைத்துவிட்டது என்றார்.

இருபத்தோராம் நாள் காலையில் கலரக்கா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். முதலாளி, கோழிக்கா உனக்கா என்று கேட்டார்.

முதல் குஞ்சு கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது வெள்ளை. நாலாவது கறுப்பாக வந்து விழுந்ததும் டிரைவர் வெளியே போய் வக்கீலைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து, கறுப்பு. ஆறு, வெள்ளை. ஏழு, கறுப்பு. இன்னும் இரண்டு முட்டை. ஒன்றில் அசைவே இல்லை. மற்றதில் ஒரு சின்னத் துளை விழுந்து இரண்டு மணி நேரமாக அப்படியே இருந்தது. டிரைவர், பாவம் விட்டுவிடு, சாப்பிடு என்றார். கலரக்கா சாப்பிடவில்லை.

மத்தியானம் ஓடு விரிந்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தக் குஞ்சு என்ன நிறம் என்று முதலில் தெரியவில்லை. அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. ஹேர் டிரையரை எடுத்துவந்து, மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காயவைத்தாள். ரோமம் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றது. மேகம். அதில் கத்தரிப்பூ.

கலரக்கா கத்தவில்லை. குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்தாள், பிறகு படியிறங்கிக் கீழ் வீட்டை ஒரு சுற்று நடந்தாள், திரும்ப மேலே வந்தாள். நாத்தனார் அவள் பின்னாலேயே துண்டோடு நடந்தாள். பிரசவ வார்டில் பழகிய கை. டிரைவர் வக்கீலைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு மாறுகிற ஆள் இல்லை அவர். ஆனால் முகம் விழுந்துவிட்டது.

சாயந்திரம் பல் டாக்டர் வந்தார். லாவண்டர் குஞ்சைப் பார்த்து, அசல் என்றார். கலரக்கா உயரத்தில் பறந்துகொண்டிருந்தாள். அவர் மற்றக் குஞ்சுகளையும் ஒரு தடவை பார்த்தார். ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை, ஒரு லாவண்டர். தரையில் அழியாமல் இருந்த கட்டத்தையும் பார்த்தார்.

"பாதி வெள்ளையா இருக்கணுமே" என்றார்.

கட்டத்தை விரலால் தொட்டு எண்ணிவிட்டுக் கலரக்காவிடம் திரும்பினார்.

"சேவலை மாத்தி எத்தனை நாள் கழிச்சு முட்டை எடுத்தீங்க?"

"மூணு நாள்" என்றாள் கலரக்கா.

டாக்டர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். சேவலைப் பிரித்த பிறகும் பெட்டையின் உடம்பில் அதன் வித்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும் என்றும், புதுச் சேவலின் கணக்கை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த முட்டைகளில் பாதிக்கு மேல் பழைய சேவலுடையதாக இருக்கலாம். அதாவது வக்கீலுடையது.

கலரக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. கடையில் அவள் தினமும் செய்கிற முதல் வேலை அதுதானே. நிறம் மாற்றுவதற்கு முன் குழாயில் தங்கியிருக்கும் பழைய நிறத்தை இரண்டு தடவை வெளியே ஓடவிட்டுத்தான் புது டப்பாவை நீட்டுவாள். ஓடவிடாமல் நீட்டினால் வெள்ளை டப்பாவில் பழைய சிவப்பு வந்து விழும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அவள் சொல்லித்தருகிற பாடம். மெஷினுக்குச் செய்தாள், கோழிக்குச் செய்யவில்லை.

டிரைவர் முகத்தில் விளக்கெரிந்தது. வக்கீலைத் தூக்கி நிறுத்தினார்.

"அப்போ இது இவன் குஞ்சு."

"இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"மாப்பிள்ளைக்குக் குஞ்சு பிறந்தான்னுதானே சொன்னேன். மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்தான்னா சொன்னேன்?"

நாத்தனார் இடையில் புகுந்தாள். "எங்க வார்டுல அப்பா யாருன்னு நாங்க கேக்கவே மாட்டோம் அண்ணா. எழுதிக் குடுத்ததை அப்படியே எழுதிக்குவோம். பிரச்சினையே வராது."

திரும்பச் சோதிக்கலாமா என்றால் நேரமில்லை. மறுபடி பத்து நாள் முட்டை சேர்த்து, மூன்று வாரம் அடைகாப்பதற்குள் வீட்டுக்காரம்மாவின் கெடு தாண்டிவிடும். அவர் வேறு சத்தம் கேட்டு மேலே வந்து, வாசற்படியில் நின்று யார் லைன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கலரக்கா தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மாடியில் நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தது. தன் உயிர் இங்கே ஒரு சாக்கட்டிக் கட்டத்தில் தொங்குகிறது என்று அதற்குத் தெரியாது. கவர்களைப் பிரித்தாள். அவசரத்தில் சீட்டுகள் சிதறின. பொறுக்கி வைத்தாள்.

"டாக்டர், லாவண்டருக்கு ரெண்டு சீட்டு வேணும். அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. சரிதானே?"

"சரி."

"அப்பா வக்கீல்னே வச்சுக்கலாம். வக்கீலுக்கு அந்தச் சீட்டு எங்கேருந்து வந்தது?"

டாக்டர் வக்கீலின் கவரைப் பார்த்தார். அவள் விடவில்லை. வக்கீலின் அம்மாவும் பெட்டைகளின் அம்மாக்களும் டாக்டர் கொடுத்த கறுப்புகள்தாம். ஐந்து தலைமுறையாகக் கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அவரே சொன்னார். அங்கிருந்து வந்திருக்க முடியுமா? முடியாது என்றார் டாக்டர், கொஞ்சம் ரோஷத்தோடு. அப்படியானால் வக்கீலின் சீட்டு யார் கொடுத்தது? பெட்டையின் சீட்டு யார் கொடுத்தது? கலரக்கா மாப்பிள்ளையின் கவரை நடுவில் வைத்து, அங்கிருந்து மகனுக்கு ஒரு சீட்டு, மகளுக்கு ஒரு சீட்டு என்று நகர்த்தி, இரண்டையும் குஞ்சின் கட்டத்தில் சேர்த்தாள்.

"அப்பா மாப்பிள்ளையா இருந்தாலும் இது மாப்பிள்ளை நிறம். அப்பா வக்கீலா இருந்தாலும் இது மாப்பிள்ளை நிறம். அந்தத் திரைக்குப் பின்னால இருந்து வந்ததைத் தவிர இந்த மாடியில லாவண்டரே கிடையாது."

வீட்டுக்காரம்மா, கால் எங்கே போனாலும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றுதானே என்றார். டாக்டர் தரையில் குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தன் கோழிச் சங்கத்தில் பதினாறு பேர் இருக்கிறார்கள், இதை இத்தனை சுத்தமாகச் சொல்லக்கூடியவர் அதில் இரண்டு பேர், அந்த இரண்டில் தான் ஒருவரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றார்.

டிரைவர் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் எவ்வளவு இடம் என்று பார்ப்பதுபோல் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாப்பிள்ளை மேல்தான் இடித்தது.

"இருக்கட்டும், உன் மாப்பிள்ளையே இருக்கட்டும்" என்றார். வக்கீலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

கலரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே டப்பாவில் விழுந்து குலுங்கின. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் டாக்டர் தொண்டையைச் செருமினார். லாவண்டரையே லாவண்டரோடு சேர்த்துக்கொண்டு போனால் நாலைந்து தலைமுறையில் ரோமம் நைந்து கந்தலாகிவிடும், நடுநடுவே நல்ல கறுப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்தக் கறுப்புக்குள்ளேயே லாவண்டர் சீட்டு ஒன்று ஒளிந்திருந்தால் அதைவிட வேறு பாக்கியம் இல்லை. தன் வம்சத்துக்கு வெளியே அப்படி ஒரு சேவலை அவர் இரண்டு வருஷமாகத் தேடுகிறார்.

"வக்கீலை எனக்குக் குடுப்பீங்களா? பதினோரு பெட்டை இருக்கு. தனி ஷெட். ஃபேன் போட்டிருக்கேன்."

டிரைவர் வக்கீலைப் பார்த்தார். "ஃபேனா" என்றார்.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். டிரைவர் முன்னால், கலரக்கா பின்னால், நடுவில் கூடைக்குள் வக்கீல். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, நாய்க்குட்டி எந்த ஜாதி என்று கேட்டார். கோழி என்றாள் கலரக்கா. அவர் அதை நம்பவில்லை. பச்சை விழுந்து இரண்டு தெரு தாண்டும்வரை பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

டாக்டர் வீட்டுக் கொல்லையில் கூடையைத் திறந்ததும் வக்கீல் இறங்கினான். பதினோரு பெட்டைகளும் கொண்டையைத் தூக்கிப் பார்த்தன. வக்கீல் அங்கியை ஒரு உதறு உதறினான், நெஞ்சை நிமிர்த்தினான், நாலடி கம்பீரமாக நடந்தான், எதிரே வந்த முதல் பெட்டையைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். டிரைவருக்கு ஒரே வெட்கம். டியூட்டிக்குப் பழகாத புது ஆள், ரெண்டு நாளில் ரூட் பிடிபட்டுவிடும் என்று டாக்டரிடம் சமாதானம் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே, நாளைக்கே முட்டை பொறுக்க ஆரம்பித்துவிட வேண்டியதுதான் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

டிரைவர் திரும்பினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பயணியிடம் பேசுகிற குரல் அது.

"அவசரப்படக் கூடாது டாக்டர். இந்தப் பெட்டைங்ககிட்ட முன்னாடி இருந்த சேவல் எப்போ போச்சு?"

"போன வாரம்" என்றார் டாக்டர்.

"அப்போ மூணு வாரம் கழிச்சுத்தான் முட்டை எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா கணக்கு நிக்காது. பழசு உள்ளேயே இருக்கும். நிறையப் பேருக்கு இது தெரியறதில்லை."

டாக்டர் பணிவாகச் சரி என்றார். கலரக்கா அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். உள்ளே சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, ஸ்கூட்டர் எங்கே நிற்கிறதென்றே தெரியாமல் கையை நீட்டித் தடவித் தடவிப் போனாள்.